நெல்லுத் தராசில ஏறின தங்கச்சி

என்ர தங்கச்சி குத்துச்சண்டைக்காறி. நான் அவளிட்டைக் குத்து வாங்கிறவன். ஊரில எல்லாருக்கும் "நான்தான் அவளைப் பழக்கிறது" எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். உண்மை என்னெண்டால், அவளுக்கு முன்னால தலையணையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேற ஒருத்தரும் வரமாட்டினம்.

கொழும்பில நடக்கிற பொம்பிளைப் பிள்ளையளின்ர சர்வதேசக் குத்துச்சண்டைப் போட்டிக்கு அவளை எடுத்தாச்சு எண்டு செய்தி வந்த நேரம், அவளை விட நான்தான் கூடத் துள்ளினனான். அவள் ஐம்பத்திநாலு கிலோப் பிரிவு. அதுக்கு ஒரு சொட்டுக் கூடினாலும் மேடையில ஏற விடமாட்டினம். அப்ப நிறை பாக்கிற பொறுப்பை நானே எடுத்தன். ஓ.எல். சோதினையில கணக்குப் பாடத்தில கவிண்டவன் வேற எந்தப் பொறுப்பை எடுக்கிறது?

எங்கட வீட்டில தராசு இல்லை. அக்கராயன் சந்தியில நெல்லு வாங்கிற முதலாளியிட்டை மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருக்கு. பின்னேரத்தில அவளைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போவன்.

"முதலாளி, ஒரு மூட்டை வந்திருக்கு. ஈரம் இல்லை, வாய்தான் கூட."

தராசு ஐம்பத்திமூண்டு எண்டு காட்டும்.

"பாத்தியோடி, இன்னும் ஒரு கிலோ இடம் கிடக்கு. வீட்டை போய் இடியப்பம் போட்டுச் சாப்பிடு."

பாவி, என்னை நம்பிச் சாப்பிட்டாள்.

தனிய அனுப்ப அம்மா சம்மதிக்கேல்லை. காவலுக்கு எண்டு என்னையும் ரயில் ஏத்திவிட்டா. போட்டிக்கு முதல்நாள் பின்னேரம், அணியைப் பழக்கிற மிஸ் அவளை அங்கத்தைத் தராசில ஏத்திப் பாத்தா. ஐம்பத்தஞ்சரை.

மிஸ் என்ர பக்கம் திரும்பினா. "தம்பி, ஊரில எதில நிறுத்தனீர்?"

"நெல்லுத் தராசில, மிஸ்."

"அது சரியான தராசோ?"

நான் வாய் திறக்க முதல் தங்கச்சி சொன்னாள்: "மிஸ், அந்தத் தராசு மூட்டைக்கு ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டுது எண்டு போன போகம் நெல்லு விக்கேக்கை முதலாளியோட சண்டைக்குப் போனதே இவன்தான்."

உண்மைதான். சந்தியில நிண்டு தொண்டை கிழியக் கத்தினனான். நெல்லுக்குக் கள்ளம் செய்யிற தராசு, ஆளுக்கு மட்டும் நேர்மையாய் இருக்கும் எண்டு நினைச்சன் போல.

"நாளைக்குக் காலமை நிறை எடுப்பினம். அவள் இப்ப ஓடப்போறாள்" எண்டா மிஸ். "நீரும் ஓடும்."

வேர்த்து நிறை இறங்கட்டும் எண்டு அவள் ரெண்டு ஜாக்கெட்டுக்கு மேல மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் சும்மா சேட்டோட ஓடியே மைதானத்தை ஒருக்காச் சுத்தி முடிக்க முதல் புல்லில விழுந்திட்டன்.

அவள் கடந்து போகேக்கை, "அண்ணா, ரெண்டு இடியப்பம் தரட்டோ?" எண்டாள்.

இருட்டின பிறகும் ஓடினாள். தண்ணியை வாயில விட்டுக் கொப்பளிச்சுத் துப்பினாள், விழுங்கேல்லை. சொண்டு காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது. என்னை ஏசியிருந்தாலும் ஆறுதலாய் இருந்திருக்கும். நான் வாங்கி வைச்சிருந்த சோடாவை முதுகுக்குப் பின்னால ஒளிச்சன்.

காலமை நிறை எடுக்கிற அறைக்குள்ள ஆம்பிளையளை விடேல்லை. கதவடியில நிண்டன். வெளிநாட்டுப் பெட்டையள் ஒவ்வொருத்தியாய்ச் சிரிச்சுக்கொண்டு வெளிய வந்து வாழைப்பழம் உரிச்சினம். கடைசியாய் எங்கட ஆள் வந்தாள். முகம் செத்துப்போய்க் கிடந்தது.

"என்னடி?"

"வா, வீட்டை போவம்."

நான் அப்பிடியே நிலத்தில குந்தியிருந்து குழறத் தொடங்கீட்டன். வாழைப்பழத்தோட நிண்ட பெட்டையளெல்லாம் என்னைப் பாக்கினம். மிஸ் ஓடி வந்தா.

"ஏன் தம்பி அழுறீர்? ஐம்பத்திநாலுக்குள்ளதானே நிக்கிறாள்!"

திரும்பிப் பாத்தால், சுவரில சாஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள் எருமை. எனக்குப் பகிடி விட மட்டும்தான் தெரியும், வாங்கத் தெரியாது.

பின்னேரம் மேடை ஏறினாள். எதிராளி பனை உயரம். முதல் குத்து தங்கச்சியின்ர மூஞ்சையில விழ, "ஐயோ அம்மா!" எண்டு கத்தினது நான். நடுவரே திரும்பிப் பாத்தார். மூண்டாம் சுற்று முடிய தங்கச்சியின்ர கையைத்தான் தூக்கினார். அடுத்த சண்டையில தோத்துப்போனாள், அதை நான் ஊரில பெரிசாய்ச் சொல்லிறேல்லை.

முதல் சண்டை வெண்ட கையோட அம்மாவுக்குப் போன் எடுத்தன்.

"அம்மா, வெண்டிட்டம்!"

"உன்ர குரல் ஏன் அடைச்சுக் கிடக்கு?"

"கத்தினது, அம்மா."

தங்கச்சி போனைப் பறிச்சாள். வீங்கின வாயால, "அழுதவன், அம்மா. அவ்வளவு பெட்டையளுக்கும் முன்னால" எண்டாள்.

அம்மா ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா போல. நாங்கள் கிளிநொச்சியில வந்து இறங்க, ஓட்டோக்காறனே கேட்டான்: "என்ன தம்பி, கண்ணீர் எல்லாம் முடிஞ்சுதோ?"