ஐஸ் பெட்டிக்குள் வைத்த ஆமை

பேத்தியின் ஆமைக்கு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, அதைக் கொண்டுபோன மூன்று பேரில் நான்தான் அதிகம் ஆடிப்போனேன். ஓசூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. ஓடு இளகி, பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டு, தின்பதை நிறுத்திவிட்ட அந்தப் பிராணியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி அதற்கு வலி மட்டும்தான் மிச்சம் என்றார். என் மகன் போனில் எதையோ படித்து வைத்திருந்தான்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சா வலியில்லாம போயிடுமாமே டாக்டர்?"

"அதை மட்டும் பண்ணிடாதீங்க சார். குளிர்ல அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. அசைய முடியாம கெடக்கும். செத்துப்போச்சுன்னு நாமளா நெனைச்சுக்குவோம். சூடு பட்டா திரும்ப எந்திரிக்கும்."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றான் மகன். போட்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஓசூரில் அப்போதுதான் திறந்திருந்த ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பிவந்து, பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கன்னடத்திலும் தெலுங்கிலும் விளையாடினார்கள். நான் வாயைத் திறந்து 'ஏல' என்றால் போதும், அத்தனை பேரும் சிரித்துவிட்டு, 'ஏலே ஏலே' என்று கூவிக்கொண்டே ஓடுவார்கள். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் பகலில் வீட்டுக்குள் மூச்சு விடக்கூடாது. ஆக, வெளியே பேச ஆள் கிடையாது, உள்ளே பேச அனுமதி கிடையாது. நான் எண்ண ஆரம்பித்தேன். ரோட்டில் போகும் லாரிகள், எதிர்வீட்டுக் கூரை ஓடுகள், சுவரோரம் வீட்டு ஓனர் அடுக்கி வைத்திருந்த செங்கற்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போதும் இந்த அபார்ட்மெண்டில் லிஃப்ட் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டுதான் பகலைத் தள்ளுகிறேன்.

ஓனர் அம்மாவின் கேழ்வரகுக் கொல்லையில் உழும்போது அந்த ஆமைக் குஞ்சு கிடைத்தது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓடும் ஜாதி. இன்றைக்கு அதை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஓனர் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தனியாக உட்கார்ந்திருந்த என் கையில் கொடுத்தார். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று அம்மா பதறினாள். அது சாட்சாத் பெருமாள் என்றார் ஓனர் அம்மா. வாடகை வீட்டில் எது சாமி என்பதை ஓனர்தான் முடிவு செய்ய முடியும். ஆமை தங்கிவிட்டது.

அதன் முதுகில் பதின்மூன்று கட்டங்கள். தினமும் எண்ணுவேன். தினமும் அதே பதின்மூன்று. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே அதனிடம் பேசுவேன். அது சிரித்ததே இல்லை.

சாமி என்பதால் அதற்குப் பால்சோறு வைத்தோம். நாயோ பருந்தோ தூக்கிவிடக் கூடாது என்பதால், ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து வந்த ஒரு தக்காளிப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தோம். புல்லும் வெயிலும் காட்டவில்லை. ஒரு வருஷத்துக்குள் அதன் ஓடு, விரலால் அமுக்கினால் பதிகிற அளவுக்கு இளகிவிட்டது. கட்டங்கள் கூம்புகூம்பாக மேடு தட்டி, நடுமுதுகு பள்ளமானது. பின்னங்கால்கள் சும்மா இழுபட்டு வந்தன. பிறகு தாடை மூடவில்லை. பால்சோறு வாய்க்குள் போய் அப்படியே வெளியே வழிந்தது.

ஒருநாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது பொழைக்காதுல. வச்சிருக்கதுதான் பாவம்."

"மருந்து வாங்குவோம்ப்பா."

"மருந்தெல்லாம் தாண்டியாச்சு. சுத்தியலால ஒரே தட்டு. அதுக்குத் தெரியவே தெரியாது."

நான் போட்ட கூச்சலில் ஓனர் அம்மா ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், "பேடப்பா, பேடா! தேவரு அது!" என்று, சாமியைக் கொல்ல வேண்டாமென்று கன்னடத்தில் கத்தி, வாயில் அடித்துக்கொண்டார். ஆமையைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் அம்மாகூட, "ஏங்க, பிள்ளை முன்னாடி என்ன பேச்சு இது?" என்றாள். அப்பா பெரிய பாவியாக எழுந்துபோய்க் கை கழுவினார். அந்தக் கைகள்மேல் எனக்கு அன்றிலிருந்து பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் மாமா வழி சொன்னார். அம்மாவின் தம்பி. கம்பெனி வேலைக்கென்று எங்களோடு வந்தவர். வேலை கிடைக்கும்வரை சைக்கிளில் பெட்டி கட்டிக் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார்.

"அத்தான், நீங்க எல்லாத்தையும் மெசினுன்னே நெனைக்கீங்க. இந்த ஊர் குளிர்ல காலையில அது எப்படிக் கெடக்குன்னு பாத்தீங்கள்லா? கல்லு மாதிரி. வலி உண்டா, ஒண்ணு உண்டா? அதே குளிரக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா, தூங்குனது தூங்குனபடி போயிரும்."

அது எங்களுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. ஓசூர்க் குளிரை அந்த மார்கழியில்தான் முதன்முதலாகப் பார்த்தவர்கள் நாங்கள். காலையில் எங்களுக்கே கைவிரல்கள் மரத்துப்போகும். மரத்த இடத்தில் கிள்ளினால் வலிப்பதில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தூங்கவைப்பது கொல்வதாகாது என்று ஓனர் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவின் பழைய சேலைத் துண்டில் ஆமையைச் சுற்றினோம். மாமா ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட ஐஸுக்கு நடுவில் அதை இறக்கிவைத்து மூடினார். நான் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டேன். முதலில் ஒரு சுரண்டல் கேட்டது.

"கனவு காணுதுடா மாப்பிள" என்றார் மாமா.

பிறகு கேட்கவில்லை. சாயங்காலம் வெளியே எடுத்தபோது கழுத்து நீண்டு தொங்கியது. அப்பா விரலால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். காலை இழுத்துப் பார்த்தார்.

"எனக்கென்னமோ சரியாப் படல. ஒரு தட்டு தட்டிருதேன்."

"செத்ததப் போயி அடிப்பாங்களா அத்தான்?" என்று மாமா சிரித்தார். அம்மா அழுதாள். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, அடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, ஆமையை வைத்து மண் தள்ளினோம். ஓனர் அம்மா கற்பூரம் ஏற்றினார்.

மறுநாள் அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். நான் விழிப்பதற்கு முன்பே போயிருக்க வேண்டியவர், வெயில் வந்த பிறகும் யூனிஃபார்மோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியர் சைக்கிளிலேயே தொங்கியது. முழங்கைவரை மண். குழாயடியில் சுத்தியல் நனைந்து கிடந்தது. நான் முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். குழி காலியாகத் திறந்து கிடந்தது.

"அப்பா, ஆமையக் காணும்!"

"எந்திச்சுப் போயிட்டுல."

"எங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏரிக்கு."

நான் குதித்தேன். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்போ பின்போ எனக்கு வந்ததாக நினைவில்லை. ஓனர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா, தான்தான் ஆமையைக் காப்பாற்றியதுபோல மீசையைத் தடவினார். நான் அப்பாவின் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"நேத்து நீங்க அடிச்சிருந்தா செத்திருக்கும்லாப்பா?"

"ஆமால" என்றார் அப்பா. அன்று அவர் சாப்பிடவில்லை. லீவு போட்டதால் மேஸ்திரி திட்டுவார் என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் செங்கற்களை எண்ணினேன். நாற்பத்தொன்று இருக்க வேண்டியது முப்பத்தேழுதான் இருந்தது. மற்ற நாலும் காம்பவுண்டுச் சுவரின் கோடியில், புதிதாகக் கிளறிய மண்ணின்மேல், இரண்டின்மேல் இரண்டாக இருந்தன. கணக்கு சரியாகிவிட்டது; எனக்கு அது போதுமாக இருந்தது. பின்னங்கால் வராத ஆமை அவ்வளவு பெரிய குழியை எப்படித் தோண்டியது, ஏரிவரை எப்படி நடந்தது என்றெல்லாம் யோசிக்கவில்லை.

அந்த நாலு செங்கல் எனக்கு வேறு விதத்தில் உதவியது. அதன்மேல் ஏறி நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி தெரியும். ஆமை திரும்பி வருகிறதா என்று தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்ப்பேன். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏல, அதுமேல ஏறாத! எறங்குல!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பயந்து இறங்கினேன். அவர் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். செங்கல்லைவிட அங்கிருந்து ஏரி நன்றாகத் தெரிந்தது.

"வருதா?" என்றார் கீழேயிருந்து.

"இல்லப்பா."

"நல்லாப் பாரு."

நான் வெகுநேரம் பார்த்தேன். என் இரண்டு பாதங்களையும் அவர் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். நான் விழுந்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம் என்றுதான் நினைத்தேன்.