எங்கள் வீட்டுத் தாளம்

தறிக்காரர் வீட்டு மருமகளுக்குச் சமையல் பாதி வேலை. தறிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வது மீதி வேலை. என்னைப் போல் ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? சேலம் கான்வென்டில் படித்தபோது, பாட்டு டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டுவதுதான் தாளம் என்று நினைத்திருந்தேன். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பியபோது அவர் சொன்ன காரணம்: “எந்தப் பாட்டானாலும் ரயில் மாதிரி ஒரே வேகம்!”

இலை போடும் நேரம்

கல்யாணமான புதிது. பன்னிரண்டு மணி அடித்தால் சாப்பாடு என்பது கான்வென்ட் பழக்கம். இலையைப் போட்டுவிட்டுத் தறிக்குழியில் இருந்த கணவரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் திடுக்கிட்டதில் ஊடிழை ஓட்டும் நாடா தெறித்து இழைகள் அறுந்தன. அவற்றை அவர் முடிந்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. மாமியார் திட்டவில்லை; அதுதான் எரிச்சல். அடுப்படியிலிருந்தே சொன்னார்: “மொதல்ல தாளம் நிக்கட்டும் அம்மணி. அப்புறம் எலையப் போடு.”

கிணற்றடி

எங்கள் தெருவில் வம்பு தெரிந்துகொள்ள யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒருநாள் காலையில், என் அண்ணன் வீட்டுக்குப் போவது பற்றி எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். முகம் கழுவி, பவுடர் பூசி, சிரித்தபடிதான் தண்ணீருக்குப் போனேன். எதிர்வீட்டுப் பாவாயி குடத்தைக்கூட இறக்கவில்லை: “ஏனம்மணி, விடிஞ்சதுலருந்து உங்க ஊட்டுத் தாளம் ஓட்டமா ஓடுது? அவரை என்ன சொல்லித் தொலைச்ச?”

கூறைச்சீலை

நாத்தனார் செல்லம்மாவுக்கு நாமகிரிப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. யுத்த காலம். அலைந்து கிடைத்த பட்டு, ஒரு சீலைக்குத்தான் காணும். கெட்டால் வேறு இல்லை. என் கணவர் கூறைச்சீலை நெய்ய, நான் உள்ளே நெல் குத்தியபடி பள்ளிக்கூட டிரில் பாட்டை முணுமுணுத்தேன். நெசவு சீராக விழுந்தது. ஒருநாள் தலைவலி என்று படுத்துவிட்டேன். அன்று நெய்த நாலு விரல் அகலம் தளர்ந்து, வெளிச்சத்தில் பட்டையாகத் தெரிந்தது. செல்லம்மா அழுதே விட்டாள். அவர் கை தன்னை அறியாமல் என் பாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருப்பது மாமியாருக்குத்தான் முதலில் பிடிபட்டது: “நாலு விரலைப் பிரிச்சுக்கலாம் சாமி. நீ எந்திரிச்சுப் பாடு.”

பாடினேன். நெல் இல்லாத நாளில் உமியைக் குத்திக்கொண்டு பாடினேன். நடுவில் அண்ணன் வீட்டுச் சண்டை மறுபடி கிளம்பியது. அவரோடு பேச்சை நிறுத்தினேன். பாட்டை நிறுத்த முடியுமா? முறைத்துக்கொண்டே பாடினேன், அதே ரயில் வேகத்தில்.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா முந்தானையை வெயிலில் விரித்துப் பிடித்தார். “ஒரு எடத்துலகூடத் தளரலீங்களே, யாரு தாளமுங்க இது?” என்று கேட்டார். தன் பெருமையை அளப்பார் என்று நான் எதிர்பார்த்த என் கணவர், என்னைப் பார்த்தபடி சொன்னார்: “கைதானுங்க எம்படது. தாளம் ஊட்டுக்காரியோடதுங்க, கோவத்துலகூடத் தப்பாது.”

கடைசி வரிசைக் குரலுக்கு வாழ்க்கையில் வாய்த்தது அந்த ஒரு கச்சேரிதான். கேட்டவர்கள் கைதட்டவில்லை, உடுத்திக்கொண்டார்கள்.