பர் துபாய் இத்தாலிக்காரர்

இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட கௌஸ் முகைதீனுக்குத் தெரியாது. ஆனாலும் பர் துபாய் டைப்பிங் சென்டரில் எல்லாரும் அவரை இத்தாலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பந்தயத்துக்கு வந்த இத்தாலிய வீரர் ஒருவர் தன் பழைய ரேஸ் வீல்சேரைத் துபாய் கிளப் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று சக்கரம், முன்னால் நீண்ட மூக்கு. அது வாய்த்தது கீழக்கரையில் பிறந்து, மூன்று வயதில் போலியோவுக்கு இரண்டு காலையும் கொடுத்த நம்ம ஆளுக்கு.

சும்மா வாய்க்கவில்லை. போட்டியில் நூறு மீட்டரைப் பதினேழு விநாடிக்குள் ஓட்டிக் காட்டினால் வண்டி அவருக்கே. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு. முப்பத்தெட்டு வயதில், நாள் முழுக்க விசா பாரம் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் டிராக்குக்குப் போவார். உள்ளங்கை காய்த்துப் போனது. அந்த வண்டியில் உட்கார்ந்தால்தான் உடம்பு தன் பேச்சைக் கேட்கிறது என்பார். அதை இழப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டிசம்பரில் போட்டி. எல்லாரும் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தபோது கேலரியில் எவனோ "யல்லா!" என்று, அதாவது அரபியில் "கிளம்பு, சீக்கிரம்!" என்று, கத்தித் தொலைத்தான். கௌஸின் கைகள் பாய்ந்துவிட்டன. பாவம், அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷமாக, முதலாளி "யல்லா" என்றதும் கீபோர்டில் விழுந்து பழகிய கைகள். துப்பாக்கி வெடிக்கும் முன் நகர்ந்தால் ஆட்டம் காலி. நடுவர் சிவப்பு அட்டையை நீட்டினார். பிப்ரவரியில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தருவதாகக் கிளப்பில் சொன்னார்கள்.

வீட்டில் அஸ்மத் பீவி சிரித்தே விட்டாள். "பத்து வருசமா பொண்டாட்டி கத்துனா அசையாத மனுசன், எவனோ கத்துனதுக்கு ஓடிட்டீகளே மச்சான்!"

"சிரி புள்ள, சிரி. வண்டி போச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார் கௌஸ். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த பார்க்கிங்கில் பயிற்சி தொடங்கியது. கணவன் முதுகுக்குப் பின்னால் நின்று "யல்லா! யல்லா!" என்று தொண்டை கிழியக் கத்துவாள் அஸ்மத் பீவி. அவர் அசையக் கூடாது. இட்லிச் சட்டி மூடியில் கரண்டியால் ஓங்கி அடித்தால்தான் பாயலாம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த வாட்ச்மேன், குடும்பச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டார்.

பிப்ரவரிப் போட்டி ஷார்ஜாவில். பக்கத்து லேனில் கராச்சிக்காரர் ஹசன் அலி. கூட்டம் சும்மா இருக்குமா? யல்லா, யல்லா என்று ஒரே கூச்சல். ஒரு வண்டி பாய்ந்தது. ஹசன் அலியுடையது. அவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களைத் திரும்பக் கோட்டில் நிறுத்தினார்கள். கௌஸ் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி வெடித்ததும் கிளம்பினார் பாருங்கள், தோள் கழன்றுவிடும்போல இருந்தது! நான்காவதாக வந்தார்.

பலகையில் முதல் மூன்று பேரின் நேரம்தான் முதலில் வந்தது. தன் நேரத்துக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதர், வண்டியைத் திருப்பினார். தொடக்கக் கோட்டுப் பக்கம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஹசன் அலியிடம் போனார். அந்த வேதனை அவருக்குத் தெரியாததா? "பாய்," என்று தோளில் கை வைத்தார்.

கேலரியிலிருந்து அஸ்மத் பீவி அலறினாள். "மச்சான், போர்டைப் பாருங்க! பதினாறு புள்ளி எட்டு!"

கௌஸ் பார்த்தார். தோற்றவர் முன்னால் கையைத் தூக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஹசன் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கௌஸின் கையைப் பிடித்து, தானே உயரத் தூக்கினார்.