அம்மாவின் காதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

கண்டி டவுனில் ஒரு கடைக்காரர் என்னை நடுக் கதிரையில் இருத்தி ஹோம் தியேட்டரைப் போட்டுக் காட்டினார். படத்தில் பெய்த மழை என் பிடரிக்குப் பின்னால் பெய்தது. சத்தத்தைக் குறைத்தார், அப்போதும் பெய்தது. அந்த நிமிடத்தில்தான் மூளையில் பொறி தட்டியது. இந்தப் பெட்டிகளை அம்மாவைச் சுற்றி நெருக்கி வைத்தால் சத்தத்தைக் கூட்டவே தேவையில்லையே.

எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்ட முடியாது. ஹந்தானைக்கு ஏறும் றோட்டோரம் வாடகை வீடு. எதிரே பஸ் நிற்கும் ஹோல்ட். யுத்தம் திரும்பவும் தொடங்கியதிலிருந்து அங்கே எந்நேரமும் ஆமிக்காரர். கலவரத்தில் ஒரு வீட்டை எரியக் கொடுத்த அப்பாவுக்கு ஒரே சட்டம்: தமிழ்ச் சத்தம் றோட்டுக்குப் போகக்கூடாது. டிவி முணுமுணுக்கும், நாங்களும் முணுமுணுப்போம். அம்மாவின் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. படத்தில் பகிடி வந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். பிறகு அதுவும் நின்று, சமையல் முடிந்தாலும் குசினிக்குள்ளேயே இருக்கத் தொடங்கினார். காது மெஷின் என்று வாய் திறந்தால், "எனக்கென்ன செவிடே?" என்பார். ஹெட்போனைத் தொடவும் மாட்டார். சத்தமாகக் கதைக்க முடியாத வீட்டில் அவர் எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

ரியூஷன் சொல்லிக்கொடுத்த காசில் செற்றை வாங்கினேன். முன்னுக்கு மூன்று ஸ்பீக்கர், பின்னுக்கு இரண்டு. உறுமுகிற பெரிய பெட்டி சுவரைத் தாண்டும் என்று அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பின் இரண்டையும் அம்மாவின் கதிரை முதுகில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டினேன். அப்பா குடையோடு றோட்டுக்கு இறங்கினார், வெளியே கேட்கிறதா என்று பார்க்க.

"ஒண்டும் கேக்கேல்லை. நல்ல சாமான்தான்," என்று வந்தார்.

"அம்மா, கேக்குதே?"

"ஓம், ஓம்."

"என்ன கதைக்கினம்?"

அம்மா யோசித்தார். "மழை பெய்யுது. ஆரோ நடக்கினம்."

திரையில் ஒரு தாயும் மகனும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பின் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். மழை, செருப்புச் சத்தம், தூரத்து நாய். பேச்சு ஒரு சொல் இல்லை. பேச்செல்லாம் டிவிக்கு மேலிருந்த நடு ஸ்பீக்கரில் மட்டும். அளவெடுத்தேன், கோணம் பார்த்தேன், இதை யோசிக்கவில்லை. நடு ஸ்பீக்கரைக் கூட்டினேன். மறுபடி இறங்கிய அப்பா போன வேகத்தில் திரும்பினார்.

"குறை, பிள்ளை. ஹோல்டில நிக்கிறவன் திரும்பிப் பாக்கிறான்."

"இன்னும் கொஞ்சம் கூட்டினாத்தான் அம்மாவுக்கு..."

"நாளைக்கும் நாங்கள் இந்த வீட்டில இருக்கோணும். திருப்பிக் குடுத்திட்டு வா."

அம்மா எழுந்தார். "எனக்கு இந்த மழை காணும், போதும். நீங்கள் பாருங்கோ." குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா காலையில் கந்தோருக்கு வேலைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நடு ஸ்பீக்கரை இறக்கி, வயரை நீட்டி, அம்மா தலை சாய்க்கும் குஷனுக்குள் வைத்துத் தைப்பதென்று முடிவெடுத்தேன். இடது பக்கம், அந்தக் காதுதான் கொஞ்சம் பரவாயில்லை. பஞ்சு பேச்சை விழுங்கிவிடுமோ தெரியாது. விழுங்கினால் பஞ்சையும் பிடுங்கவேண்டியதுதான்.