பன்றி பொறித்த துப்பாக்கி

இண்டூரில் இருந்த என் தாய்மாமாவுக்கு வேட்டையாடத் தெரியாது. ஒரு முயலைக்கூட அவர் சுட்டதில்லை. ஆனால் அவர் வீட்டு நடு அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், ஏழு வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டங்களை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர்களிடம் மாமா தேடிப்போய் வாங்கியவை. இரும்பில் சித்திரம் செதுக்கியிருக்க வேண்டும், பழையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்கு முன்பே கையில் ஒரு பூதக்கண்ணாடி வந்துவிடும். பார்த்துவிட்டு ஆஹா என்று சொன்னால்தான் காப்பி.

அத்தைக்கு இதில் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. "எனக்கு ஏழு சக்களத்திங்க. சோறு கேக்காத சக்களத்திங்க, இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரிப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஏரியூரில் இருந்து நாங்கள் போகும்போதெல்லாம் நான் அவள் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன். ஆறு வயதுக் குதிரையைச் சுமக்கிறாயே என்று அம்மா திட்டுவாள்.

ஏழாவது துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது. ஒரு பக்கம் காட்டுப்பன்றியை மூன்று நாய்கள் மடக்கி நிற்கும். பன்றியின் முதுகு மயிரைத் தனித்தனியாக எண்ணலாம். மறுபக்கம் இலைகளுக்கு நடுவில் ஒரு மான். மாமாவின் பெயரில் ஏற்கெனவே ஆறு இருந்தன. இன்னொன்றுக்கு மனுப் போட்டால் எதற்கு என்று கேட்பார்களோ எனப் பயந்து, லைசென்சை என் அப்பாவின் பெயரில் வாங்கினார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பிரம்பைக்கூட ஓங்குவாரே தவிர அடிக்க மாட்டார். மைத்துனர் கேட்டதால் கையெழுத்துப் போட்டார்.

அந்த வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் மலைப்பக்கம் பார்த்து ஒரு முறை வெடித்து, சூடு ஆறுவதற்குள் ஜமக்காளத்தில் வரிசையாகப் படுக்கவைப்பார்கள். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்பார்கள். வெடித்த துப்பாக்கி காலித் துப்பாக்கி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அதன்பிறகு யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த வருடம் புதியதை அப்பாதான் வெடிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். "லைசென்சுக்காரரு நீங்க, மாப்பிள்ள. ஒரு வெடியாவது போடாட்டி நாளைக்கு அது கோவிச்சிக்கும்" என்றார். தோட்டா பழசு, ஒன்று நமுத்திருந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டைப் போட்டு அவரே தயார் செய்து கொடுத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெடித்தார். காலித் தோட்டா தானாகவே வெளியே தெறித்து விழுந்தது. மற்ற துப்பாக்கிகளில் அதைக் கையால் இழுத்து எடுக்க வேண்டும். மாமா குழந்தையைப் போலக் கைதட்டினார். மிச்சம் இருந்த ஒன்று, கைப்பிடியை இழுக்கும் வரை வயிற்றுக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்தார். அவருடைய பழைய துப்பாக்கிகள் அப்படித்தான். இது வேறு ஜாதி. பழைய தோட்டாவை வெளியே தள்ளிய அதே மூச்சில் அடுத்ததைக் குழலுக்கு ஏற்றிக்கொண்டது. சித்திரத்தில் பன்றியின் மயிரைப் பார்த்த மனிதர், துப்பாக்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

பொட்டு வைக்கும் வேலையை நான் அழுது வாங்கினேன். அத்தை ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இலையில் பொரிகடலை பரப்பிக்கொண்டிருந்தாள். "அழுத்தி வையி கண்ணு, காஞ்சா உதுந்துடும்" என்றாள். நான் அழுத்தி வைத்தேன். மானுக்கு ஒன்று, புரட்டிப் போட்டுப் பன்றிக்கு ஒன்று, நாய்களுக்கு மூன்று. துப்பாக்கியின் அடியில் இருந்த வளையத்துக்குள் சின்னதாக ஒரு நாக்கு தொங்கியது. அதற்கு மட்டும் ஏன் குறை என்று விரலை உள்ளே விட்டு அதற்கும் ஒன்று வைத்தேன்.

அறைக்குள் வெடித்த சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. அத்தை இலையின் மேல் சாய்ந்தாள். பொரியெல்லாம் சிவந்தது.

யாரும் அசைவதற்கு முன் அப்பா என்னை இழுத்துத் தூக்கி, என் விரல்களைத் தன் வேட்டியில் துடைத்தார். அவர் வாய் அசைவதைப் பார்த்தேன், எனக்குக் கேட்கவில்லை. தன் கைதான் பட்டது என்று அவர் சொன்னாராம். மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தை போய்விட்டாள்.

அம்மா என்னைச் சமையல்கட்டில் உட்காரவைத்து, யார் கேட்டாலும் கொல்லையில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். இன்ஸ்பெக்டரிடம் தவறில்லாமல் ஒப்பித்தேன். அதன்பின் உறவுக்காரர்களிடம், பள்ளிக்கூடத்தில், எதிர்வீட்டில் என்று சொல்லிச் சொல்லி, பூப் பறித்ததே எனக்கு ஞாபகமாகிவிட்டது. செம்பருத்திகூடக் கண்ணில் தெரிந்தது. பொட்டு வைத்தது, பெரியவளான பிறகுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

துப்பாக்கியை வாங்கியவர் மாமா. தோட்டா போட்டவர் மாமா. பெயர் அப்பாவுடையது. வழக்கில் அப்பா எதையும் மறுக்கவில்லை. வாத்தியார் வேலை போயிற்று, சேலம் ஜெயிலில் ஒன்பது மாதம் இருந்தார். மாமா ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

ஆனால் அன்று என் கோபமெல்லாம் அப்பா மேல்தான். என் அத்தையைக் கொன்ற மனிதர் அவர். ராத்திரியில் அத்தையை நினைத்து அழும்போதெல்லாம் அவரை வைது தீர்ப்பேன். அவர் திரும்பி வரவே கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

வந்தார். பாதியாக இளைத்திருந்தார். வாசலிலேயே பையைப் பிரித்து, தகரத்தில் செய்த பென்சில் டப்பா ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அத்தையச் சுட்டவங்க குடுக்கறது எனக்கு வேணாம்."

அம்மா ஓடிவந்து என் முதுகில் ஓங்கி அறைந்தாள். அவள் அப்படி என்னை அடித்ததே இல்லை. இன்னொன்று விழுவதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத, வுடு. அவ அப்படியே நெனச்சிக்கட்டும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேறு எப்படி நினைப்பதாம் என்று எனக்கு விளங்கவில்லை.