வெற்றிலைக்கு முன்னால் எழுந்துபோன கமிட்டி

சென்ற வாரம் ஒரு சர்க்கார் கமிட்டியோடு ஊர் சுற்றினேன். கிராமத்து ஜனங்களின் குரலைக் கேட்டு, அதை மதராஸுக்குக் கொண்டுபோவதற்கென்றே ஏற்பட்ட கமிட்டி. சில மெம்பர்கள், இரண்டு கார், ஒரு சமையல்காரர். பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள் – பின் காரில், சமையல்காரருக்குப் பக்கத்தில்.

நான் ஸ்ரீரங்கவாசி. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ‘குடிக்கத் தண்ணீர் இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று புரியாது. கமிட்டித் தலைவருக்கோ – ஓய்வு பெற்ற ஜட்ஜ் அவர் – யாராவது சாட்சி சொன்னாலொழிய எதுவுமே புரியாது.

திருவெள்ளறையைத் தாண்டி வடக்கே ஒரு கிராமம். ஊர்க் கிணறு வற்றிக் கிடக்கிறது. பெண்கள் அடுத்த ஊர்த் தோட்டத்துக்கு நடந்துபோய்க் குடம் குடமாகச் சுமந்து வருகிறார்கள். ஆழமாக ஒரு கிணறு வெட்டித் தாருங்கள் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. கமிட்டி சிபாரிசு செய்தால் கிணறு. இல்லாவிட்டால் வரும் கோடையிலும் நடைதான்.

நாங்கள் போய் இறங்கினோம். தெரு முழுக்கச் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். மருந்துக்கும் தூசி இல்லை. பந்தலில் உட்கார்ந்ததும் பானகம் செம்பு செம்பாக வந்தது. தலைவர் ஆசையாகக் குடித்தார். நானும் குடித்தேன்.

ஊர்ப் பெரியவர் பெரியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்.

“என்னப்பா, எல்லாரும் சௌக்கியமா? குறை ஏதாவது உண்டா?” என்றார் தலைவர்.

“ஐயா புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியந்தாங்க. ஒரு குறையும் இல்லீங்க.”

“தண்ணீர்?”

“ஐயா காலடி பட்டாச்சு. இனிமே தண்ணிக்கு என்னங்க பஞ்சம்?”

தலைவர் திரும்பிப் பார்த்தார். காரியதரிசி எழுதிக்கொண்டார். மெம்பர்கள் எழுந்தார்கள். பொன்மலையில் ஒரு துரை டீக்குக் கூப்பிட்டிருந்தார் – காத்திருப்பாரே...

“ஐயா, வெத்திலை பாக்கு...” என்று பெரியண்ணன் தாம்பாளத்தோடு பின்னாலேயே ஓடினார்.

“எனக்கு அந்தப் பழக்கம் இல்லை” என்றார் தலைவர். முன் கார் போய்விட்டது.

என்ன நடந்தது, புரிகிறதா? வந்தவர் சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் நம் ஊரில் யாரும் சொல்வார்கள். வாசலில் கால் வைத்தவரிடம் இல்லைப்பாட்டுப் பாடுவது மரியாதையா? அவர் உட்கார வேண்டும், தாகம் தீர வேண்டும், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ வேண்டும். அப்புறம்தான் ‘அது ஒண்ணுமில்லீங்க...’ என்று விஷயம் ஆரம்பமாகும். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், வாய்க்கால் தகராறும் அப்படித்தான். தலைவர் தம் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதும் அப்படித்தான் பேசியிருப்பார். கமிட்டி என்று பெயர் வைத்துக் காரில் ஏற்றிவிட்டால் சொந்த ஊர் வழக்கம்கூட மறந்துபோகும் போலிருக்கிறது.

சமையல்காரர் தம் பாத்திரங்களை ஏற்றி முடிக்கவில்லை. அதனால் நான் அங்கேயே இருந்தேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். பெரியண்ணன் எதிரில் உட்கார்ந்தார்.

“அது ஒண்ணுமில்லீங்க...” என்று ஆரம்பித்தார். எல்லாம் வந்தது. கோடையில் குழந்தைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கு, குடத்தோடு வழுக்கி விழுந்து கை முறிந்த மருமகள், தோட்டக்காரன் பேசும் பேச்சு.

ஓரமாக நின்றிருந்த செல்லாயி என்ற பெண் சொன்னாள்: “தெருவுல தெளிச்சது பூரா நாங்க காலையில சுமந்தாந்த தண்ணிங்க. தூசி பறந்தா தலைவருக்கு இருமல் வரும், நல்லா தெளிச்சு வையுங்கன்னு தாலுக்கா ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. மிச்சம் பானகத்துக்குப் போச்சு. உலை வைக்க இனிமேதான் போகணும்.”

குடித்த பானகத்தை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் திருச்சியில் தலைவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஓய், ஜனங்களின் குரலைக் கேட்கத்தான் கமிட்டி. உம்முடைய குரலைக் கேட்க அல்ல. குறை இல்லை என்று அவனே வாயால் சொன்னானே!” என்றார்.

“அது மரியாதைக்குச் சொன்னதுங்க.”

“தண்ணீர் இல்லாத ஊரில் இது எப்படி ஐயா வரும்?” என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

பூட்ஸில் சேறு. செல்லாயி தலையில் சுமந்து வந்த தண்ணீர் அவள் ஊருக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கிணறு வெட்டும் ஜாபிதாவிலிருந்து அந்த ஊரின் பெயரை அடித்தாயிற்று என்று காரியதரிசி வாசல் வரை வந்து எனக்குத் தெரிவித்தார். இப்பேர்ப்பட்ட புத்தியை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குத் தீர்ப்புச் சொன்னாரோ, பகவானுக்கே வெளிச்சம்.

இவர்களுக்குக் காது இல்லையென்று நான் சொல்லவில்லை. உட்காரத்தான் தெரியவில்லை. குரல் கொடுக்கிறோம், குரல் கொடுக்கிறோம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே... ஜனங்களுக்குக் குரல் இல்லாமலா இருக்கிறது? அது வாயைத் திறப்பதற்குள் இவர்களுக்கு டீக்கு நேரமாகிவிடுகிறது.

நேற்று பெரியண்ணன் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். நம்பெருமாளைச் சேவித்துவிட்டு, விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“வாங்க, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றேன்.

“ஐயா புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க.”

நான் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

“அது ஒண்ணுமில்லீங்க... கெணறு வெட்ட எப்ப வருவாங்க?”

தலைவர் அவர்களே, பதிலை நீங்களே வந்து சொல்லுங்கள் – வெற்றிலை என் செலவு.