லோர்னாவின் கொள்ளைநோய்

லோர்னா வேண்டஹே, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தொலைபேசியில் பேசியே காலம் கழித்தவள். அம்மையோ கக்குவானோ, எது பரவினாலும் ஒவ்வொருவராக அழைத்து, "நேத்து யார்கூட சாப்பிட்டீங்க?" என்று கேட்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற மறுவாரமே அமெரிக்காவின் ஷெபாய்கன் நகரில், நாங்கள் சனிக்கிழமைதோறும் கூடும் பலகை விளையாட்டுக் கடையின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள், கையில் ஒரு தட்டு பொரித்த பாலாடைக்கட்டியுடன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடமேற்றுக் கதையாக ஆடும் ஆட்டம் அது. பதினான்கு வருடமாக நான்தான் நடத்தினேன். கதை நடப்பது முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு விண்கலத்தில். நான் நிலைமையைச் சொல்வேன். மற்றவர்கள் தத்தம் பாத்திரமாகவே பேசுவார்கள். விளைவைப் பகடை தீர்மானிக்கும்.

அன்று கலத்துக்குள் ஒரு கொள்ளைநோயை இறக்கினேன். கண்ணில் பச்சை ரத்தம், மூன்றாம் நாள் சாவு, நான்காம் நாள் மருந்து.

"இது நோய் இல்ல கர்ட், வாணவேடிக்கை," என்றாள் லோர்னா.

டேல் வயிறு குலுங்கச் சிரித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து என் நண்பன். என் ஆட்டத்தில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

"அப்ப நீயே நடத்திக் காட்டேன்," என்றேன். தவளை தன் வாயால்தான் கெடும்.

அடுத்த சனிக்கிழமை அவள் பகடையைத் தொடவே இல்லை. கலத்தில் ஒவ்வொரு நாள் விடியும்போதும் ஆளுக்கொரு மடித்த சீட்டு தருவாள்: காய்ச்சல் உண்டு, அல்லது இல்லை. அதை நாங்கள் கலத்தின் மருத்துவராக ஆடிய பெவ்விடம் சொல்ல வேண்டும், யாருடன் சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்து. பெவ் யாரை அடைத்துவைப்பது என்று முடிவெடுப்பாள். வெறும் இருமல், லேசான சூடு. அவ்வளவு சப்பையான நோயை நான் கண்டதில்லை. ஆனால் என் ஆட்டங்களில் வாயே திறக்காத பெவ், உணவுக்கூடத்தை மூடலாமா என்று டேலுடன் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறர் உடைமையை விரும்புவதே பொறாமை என்று படித்திருக்கிறேன். அது முழு உண்மையல்ல. அவள் திறமை எனக்கு வேண்டாம். டேலின் அந்தச் சிரிப்பு என்னுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் என் சீட்டில் காய்ச்சல் வந்தது. பெவ்விடம் "இல்ல" என்றேன். நோய் கட்டுக்கடங்காமல் போனால் எல்லாரும் சலித்து என்னிடமே திரும்புவார்கள் என்பது என் கணக்கு. அன்று உணவுக்கூடத்தில் டேலின் விமானிக்கு எதிரே உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக அவன் வளர்த்த பாத்திரம். கலத்தின் நாள்கணக்கில் ஒரு வாரம் கழித்து, என்னிடமிருந்து தொற்றிய நோய் முற்றி விமானி செத்துப்போனான்.

டேல் பென்சிலைக் கீழே வைத்தான். "எவனோ காய்ச்சல மறைச்சிருக்கான். லோர்னா, யாரு அது?"

"வேலையில இருந்தப்பவே யார்கிட்டேருந்து தொத்துச்சுன்னு பேர் சொன்னதில்ல. இப்ப மட்டும் சொல்வேனா? தட்டுல ரெண்டு பாலாடைக்கட்டி மிச்சம் இருக்கு, எடுத்துக்கோ." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வண்டியில் போகும்போது டேல் பொருமினான். "பேர் சொல்லலைன்னா ஒருத்தனும் மறைக்கலன்னுதான் அர்த்தம். அவதான் வேணும்னே கொன்னிருக்கா. அடுத்த வாரத்துலேருந்து நீயே நடத்துப்பா, அவ வேண்டாம்."

நான் ஆசைப்பட்டதெல்லாம் மடியில் வந்து விழுந்தது. பாலம் தாண்டும்வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மறைச்சது நான்தான் டேல்."

டேல் வானொலியை அணைத்தான். பிறகு, "அவளுக்குத் தெரியும்ல?"

"சீட்டு கொடுத்தவளே அவதானே."

"தெரிஞ்சும் சொல்லல," என்றான். அதைச் சொன்ன குரலில் இருந்த மரியாதையோடு அவன் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

லோர்னாதான் இன்றும் நடத்துகிறாள். அவள் வர்ணனை போதாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். டேலுக்குப் பக்கத்தில் என்னுடையதாக இருந்த நாற்காலி இப்போது பெவ்வுடையது.